கோப்பைக் கணக்கில் வராத மரியாதை

2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு அருகே புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மார், ரொனால்டோ மூவருக்கும் பிரம்மாண்டமான கட்அவுட்டுகள் எழுந்தன. படம் உலகம் முழுக்கச் சுற்றியது. எல்லைக்கு இந்தப் பக்கம், குமரி மாவட்டத்தில் தூத்தூரில் தொடங்கி நீரோடி வரை, எங்கள் கடற்கரை ஊர்களிலும் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி பிரேசில் கொடியும் அர்ஜென்டினா கொடியும்தான் பறந்தன. அந்த வருடம் அர்ஜென்டினாவுக்குக் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் லியோனல் ஸ்கலோனிக்கு மட்டும் ஒரு சின்ன ஃப்ளெக்ஸ்கூட என் கண்ணில் படவில்லை.

பயிற்சியாளர்களைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ராத்திரி மேட்ச் முடிந்ததும் டீக்கடையில் தொடங்கும் சண்டையில் பாதி அவர்களைப் பற்றித்தான். யாரை ஏன் இறக்கவில்லை, எந்த நேரத்தில் யாரை மாற்றினான் என்று மணிக்கணக்கில் ஓடும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி இது. நீரோடியைத் தாண்டினால் பொழியூர், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் ஆட்டக்காரர்களுக்குப் பேர்போன ஊர். இந்தப் பக்கம் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ், மைக்கேல் ரெஜின் என்று ஐ லீக், ஐஎஸ்எல் ஆகிய தேசிய கிளப் லீகுகள் வரை போனவர்கள் உண்டு. அதனால் பேசுகிறவர்களில் பலர் எங்காவது, எப்போதாவது ஒரு கோச்சிடம் திட்டு வாங்கியவர்கள்தான். மேட்ச் மட்டும் பார்க்கிறவர்களின் பேச்சு வேறு, இவர்கள் பேச்சு வேறு.

யார் பெரிய மேனேஜர் என்று கேட்டால் பதில் சுலபம். அலெக்ஸ் ஃபெர்குசன் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 13 லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். கார்லோ ஆன்செலோட்டி ஐந்து முறை சாம்பியன்ஸ் லீக் வென்றவர். பாப் பெய்ஸ்லி, ஜினடின் ஜிடான், பெப் கார்டியோலா ஆளுக்கு மூன்று முறை ஐரோப்பாவின் உச்சக் கோப்பையைத் தூக்கியவர்கள். ஆனால் யார்மேல் மரியாதை என்று கேள்வியை மாற்றினால் பட்டியலே மாறிவிடுகிறது. கோப்பை குறைந்த பெயர்கள் மேலே ஏறுகின்றன, நிறைந்த பெயர்கள் சில சத்தமில்லாமல் கீழே இறங்குகின்றன. ஜோசே மொரீன்யோ ஒரு உதாரணம். 2004இல் போர்ட்டோ, 2010இல் இன்டர் என்று இரண்டு கிளப்புகளை ஐரோப்பிய சாம்பியனாக்கிய ஆள். அவர் திறமையை இங்கே யாரும் மறுப்பதில்லை. மரியாதை என்று வரும்போது மட்டும் குரல் சுருதி இறங்கிவிடும்.

இது வெறும் ரசனை வித்தியாசம் என்று எனக்குத் தோன்றவில்லை. மரியாதை பெற்றவர்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. ஆட்டத்தில் ஏதோ ஒன்று தப்பாகப் போனபோது அதற்கான விலையை அவர்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆட்டக்காரன் தலையில் கட்டவில்லை, ரெஃபரி தலையிலும் கட்டவில்லை.

ஆர்சென் வெங்கர் விஷயத்தைப் பார்ப்போம். 1999 பிப்ரவரி, எஃப்ஏ கோப்பையில் ஆர்சனலும் ஷெஃபீல்டு யுனைடெட்டும் மோதுகின்றன. ஷெஃபீல்டு ஆட்டக்காரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். அவர்கள் கோல்கீப்பர் பந்தை வேண்டுமென்றே வெளியே அடிக்கிறார். இப்படி அடித்தால் த்ரோவில் பந்தைத் திருப்பித் தந்துவிடுவது வழக்கம், சட்டத்தில் இல்லாத மரியாதை. ஆர்சனலின் ரே பார்லர் அப்படித்தான் எறிந்தார். ஆனால் ஆர்சனலுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த கானு அந்தப் பந்தைத் துரத்திப் பிடித்து உள்ளே தள்ளிவிட, ஓவர்மார்ஸ் கோலாக்கிவிட்டார். ஆர்சனல் 2-1. ரெஃபரியால் ஒன்றும் செய்ய முடியாது, சட்டப்படி அது கோல்தான். எதிரணி மேனேஜர் ஸ்டீவ் புரூஸ் கொதித்துப் போனார்.

ஆட்டம் முடிந்த கையோடு வெங்கர், இந்த வெற்றி வேண்டாம், திரும்ப ஆடலாம் என்றார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமும் சம்மதித்தது. பத்து நாள் கழித்து தங்கள் மைதானமான ஹைபரியில் மறுபடியும் ஆடி ஆர்சனல் அதே 2-1 கணக்கில் ஜெயித்தது. தோற்றிருக்கவும் வாய்ப்பு இருந்தது, அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கையில் இருந்த அடுத்த சுற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றார் மனிதர். 2003-04இல் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அணியை உருவாக்கியவர் என்பதற்காக அவரை வியக்கலாம். எதிரணி ரசிகனும் அவர் பெயரைச் சொல்லும்போது கொஞ்சம் நிதானிப்பது இந்த மாதிரிக் காரியங்களால்தான்.

இதே மாதிரி, இதைவிடக் கிறுக்குத்தனமான ஒன்று 2019 ஏப்ரல் 28 அன்று லீட்ஸில் நடந்தது. ஆஸ்டன் வில்லா ஆட்டக்காரர் கீழே கிடக்கும்போது லீட்ஸ் ஆட்டத்தை நிறுத்தாமல் கோல் அடித்துவிட்டது. இரண்டு அணியும் கைகலப்பில் இறங்கின. லீட்ஸ் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா எல்லைக்கோட்டருகே நின்று கத்துகிறார்: அவர்களுக்கு ஒரு கோல் கொடுங்கள்! ஆட்டம் மறுபடி தொடங்கியதும் வில்லாவின் அடோமா பந்தை உருட்டிக்கொண்டு போய் வலையில் போட்டார். லீட்ஸ் ஆட்கள் ஒதுங்கி நின்றார்கள். யான்சன் என்ற டிஃபெண்டர் மட்டும் மனசு கேட்காமல் தடுக்கப் பார்த்தார், பாவம். முடிவு 1-1. அந்த டிராவோடு நேரடியாக பிரீமியர் லீக் போகும் கடைசி வாய்ப்பும் லீட்ஸுக்கு அடைபட்டது. பிளே ஆஃபில் டெர்பியிடம் தோற்று இன்னொரு வருடம் இரண்டாம் டிவிஷனில் கிடந்தார்கள். 2020இல்தான் 16 வருடம் கழித்து மேலே வந்தார்கள்.

பியெல்சா புனிதர் ஒன்றும் இல்லை. அதே சீசனில், அதே வருட ஜனவரியில், டெர்பி அணியின் பயிற்சியை எட்டிப் பார்க்க ஆள் அனுப்பிப் பிடிபட்டவர். விசாரணை முடியும்வரை காத்திருக்கவில்லை. நிருபர்களைக் கூப்பிட்டு, டெர்பி மட்டுமல்ல, எல்லா எதிரணிக்கும் ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தன் ஆராய்ச்சிக் கோப்புகளையெல்லாம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் திரையில் போட்டுக் காட்டினார். கிளப்புக்கு விதித்த 2 லட்சம் பவுண்டு அபராதத்தைத் தன் பணத்திலிருந்தே கட்டினார். தப்பும் அவருடையது, பில்லும் அவருடையது. நம்மூர் ஆட்களுக்கு இந்தக் கதை ஏன் பிடிக்கிறது என்று விளக்கத் தேவையில்லை.

ஐரோப்பாவில் முதல்தரக் கோப்பை ஒன்றுகூட வெல்லாத பியெல்சாவை உலகின் சிறந்த பயிற்சியாளர் என்று கார்டியோலா சொன்னார். சக பயிற்சியாளர்களின் மரியாதைதான் கிடைப்பதற்கு அரிது, ஏனென்றால் தொழிலின் சூட்சுமம் தெரிந்தவர்கள் அவர்கள். பிற்பாடு தானும் பயிற்சியாளரான போச்செட்டினோ சிறுவனாக இருந்தபோது, அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு நடுராத்திரியில் வீட்டுக் கதவைத் தட்டி, தூங்கிக்கொண்டிருந்த பையனின் காலைப் போர்வை விலக்கிப் பார்த்துவிட்டு, தங்கள் அணிக்கு எடுத்தவர்களில் பியெல்சாவும் ஒருவர். பியெல்சாவின் பெயரையே அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் அந்த நியூவெல்ஸ் கிளப் தன் ஸ்டேடியத்துக்கு வைத்திருக்கிறது. லீட்ஸில் சேர்ந்தபோது, ஒரு ரசிகன் டிக்கெட் வாங்க எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று விசாரித்தாராம். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் என்றார்கள். ஆட்டக்காரர்களை அத்தனை நேரம் குப்பை பொறுக்க வைத்தார் என்று அப்போது செய்தி வந்தது. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் கிடந்து வருகிறவனின் காசில் ஓடும் திருவிழா டோர்ணமென்ட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும்.

ஆட்டக்காரர்கள் தரும் மரியாதைக்கு வேறு கணக்கு உண்டு. அதில் ஆன்செலோட்டிதான் முதலிடம் என்பது என் தீர்ப்பு. 1997இல் பார்மா பயிற்சியாளராக இருந்தபோது ராபர்ட்டோ பாஜியோவை வாங்கும் வாய்ப்பு வந்தது. தன் 4-4-2 ஆட்ட அமைப்பில் அப்படிப்பட்ட ஆளுக்கு இடமில்லை என்று வேண்டாம் என்றுவிட்டார். பாஜியோ போலோன்யாவுக்குப் போய் அந்த சீசனில் லீகில் 22 கோல் அடித்தார். ஆன்செலோட்டி இதை மறைக்கவில்லை, தான் செய்தது தப்பு என்று பிற்பாடு பலமுறை சொன்னார். முக்கியமானது அதற்கப்புறம் நடந்தது. யுவென்டஸில் ஜிடானுக்காகத் தன் அமைப்பையே மாற்றினார். மிலானில் பிர்லோவைப் பின்னால் இறக்கி, டிஃபென்ஸுக்கு முன்னால் நின்று ஆட்டத்தை நடத்த விட்டார். அந்த அணிதான் 2003லும் 2007லும் ஐரோப்பாவை வென்றது. இடையில் 2005இல் இஸ்தான்புல் ஃபைனலில் லிவர்பூலிடம் 3-0 முன்னிலையை இழந்து பெனால்டியில் தோற்றது. இரண்டு வருடம் கழித்து அதே லிவர்பூலை ஃபைனலில் தோற்கடித்தார், பெரும்பாலும் அதே ஆட்களை வைத்துக்கொண்டு. ஒரு தோல்விக்காக ஆட்களை வெளியே தள்ளவில்லை.

ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீகுகளிலும் பட்டம் வென்ற ஒரே பயிற்சியாளர் அவர். மிலான், செல்சி, பிஎஸ்ஜி, பயர்ன், ரியல் மாட்ரிட் என்று ஐந்து இடத்திலும் உடைமாற்றும் அறையில் நட்சத்திரங்கள்தான் நிறைந்திருந்தார்கள். அத்தனை பேரையும் சத்தம் போடாமல் சமாளித்தவரை மந்தமான ஆள் என்று சொல்கிறவர்களும் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்கூட பிற்பாடு அவரைப் பற்றிக் கசப்பாகப் பேசுவது அபூர்வம். எனக்கு அது போதும்.

பயத்தையும் மரியாதையையும் பிரிப்பதுதான் கஷ்டம். ஃபெர்குசன் முகத்துக்கு முகம் நின்று கத்துவதற்கு ‘ஹேர்டிரையர்’ என்றே பெயர் வைத்தார்கள். 2003இல் அவர் உதைத்த பூட்ஸ் பெக்கமின் புருவத்தில் பட்டுக் காயமானது. அடுத்த சில மாதத்தில் பெக்கம் மாட்ரிட் போய்விட்டார். இப்படிப்பட்டவரைச் சுற்றி எப்படி இத்தனை விசுவாசம்? 1986 நவம்பரில் வந்தவருக்கு முதல் கோப்பை 1990இல்தான் கிடைத்தது, முதல் லீக் பட்டம் 1993இல். அந்த இடைக்காலத்தில் இளைஞர் அணியைக் கட்டினார். அங்கிருந்து வந்த பையன்களை வெளியாட்களுக்கு முன்னால் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. அடி உள்ளே, அரண் வெளியே. யாப் ஸ்டாமை 2001இல் விற்றது தன் தப்பு என்று ஒத்துக்கொண்டதும் கணக்கில் சேரும்.

பிரையன் கிளஃப் இன்னும் சிக்கலான ஆள். லீட்ஸில் 1974இல் 44 நாள்தான் தாக்குப்பிடித்தார், ஏனென்றால் சாம்பியன்களாக இருந்த ஆட்டக்காரர்களை முதல் நாளிலிருந்தே அவமதித்தார். மரியாதை தராதவருக்கு மரியாதை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதே மனிதர் 1975இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் என்ற இரண்டாம் டிவிஷன் அணிக்கு வந்தார். 1977இல் மேலே வந்தது, 1978இல் லீக் சாம்பியன், 1979லும் 1980லும் ஐரோப்பிய சாம்பியன். குண்டாக, கவனிப்பாரற்று, கிளப்பில் ஓரமாகக் கிடந்த ஜான் ராபர்ட்சனை இடது விங்கில் நிறுத்தினார். 1979 ஃபைனலில் கோலுக்கான கிராஸ் ராபர்ட்சன் அடித்தது. 1980 ஃபைனலின் ஒரே கோலும் ராபர்ட்சன் அடித்தது. துணையாக இருந்த பீட்டர் டெய்லர் இல்லாமல் இதெல்லாம் நடந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிளஃப் அதைப் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் குறை. 1993இல் அவர் கடைசி சீசனில் ஃபாரஸ்ட் கீழே இறங்கியபோது, சொந்த மைதான ரசிகர்கள் அவர் பெயரைப் பாடி வழியனுப்பினார்கள். அணி இறங்கிய நாளில்!

இங்கிலாந்துக் கதை போதும். நம் நாட்டில் இந்த இலக்கணத்துக்குப் பொருந்துகிற முதல் பெயர் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்துப் பள்ளி ஆசிரியர். ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை வென்றது அவர் பயிற்சியில். 1951 ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போகும்போது நுரையீரல் புற்றுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. டிஃபெண்டர் ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார், பழைய இடத்தில் ஆட விட முடியாது. ரஹீம் அவரை முன்வரிசைக்குத் தள்ளினார். அரையிறுதியிலும் ஃபைனலிலும் ஜர்னைல் கோல் அடித்தார். இந்திய அணிமேல் கோபத்தில் இருந்த கூட்டத்துக்கு நடுவே, அதே தென் கொரியாவை 2-1 என்று தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்கள். அடுத்த வருடம் ஜூனில் ரஹீம் இறந்துபோனார். அதற்கப்புறம் ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்துக்குத் தங்கம் இல்லை.

இன்னொரு பெயரை எல்லையின் இரு பக்கமும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சைமன் சுந்தர்ராஜ். தமிழ்நாட்டுக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவுக்கு கோல் அடித்தவர். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசி கோல் இன்றுவரை அதுதான். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் கேரளம் ரயில்வேயை 3-2 என்று வென்று முதல்முறையாக சந்தோஷ் டிராபியைத் தூக்கியபோது மூன்று கோலும் கேப்டன் மணியுடையவை, பயிற்சியாளர் சைமன். கேரளக் கால்பந்தின் வரலாற்றை எழுதுகிற யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. தமிழ்நாட்டில் அவர் பெயரைக் கேட்டால் யாரென்று தெரியாதவர்களே அதிகம். அதில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு.

ஊரில் மரியாதை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். எங்கள் பக்கம் ஒரு மாஸ்டர் இருக்கிறார். மாலை வெயில் தாழ்ந்ததும் கடற்கரை மணலில் பையன்களை ஓட விடுவார். வீட்டில் ஒரு சாக்கு நிறையப் பழைய பூட்ஸ், அடிப்பகுதியில் சைஸ் நம்பர் பெயிண்டால் எழுதியிருக்கும். காலுக்குச் சரியானதை எடுத்துக்கொண்டு, ஆடி முடித்ததும் மணல் தட்டித் திரும்ப வைக்க வேண்டும். ஒரு திருவிழா டோர்ணமென்ட் அரையிறுதியில், பயிற்சிக்குச் சொல்லாமல் மட்டம் போட்டான் என்று தன் முதன்மை ஸ்ட்ரைக்கரைக் கடைசிவரை இறக்காமல் உட்கார வைத்தார். ஒரு கோலில் தோற்றார்கள். பையனின் மாமன்மார் மைதானத்துக்குள்ளேயே வந்து சண்டை பிடித்தார்கள். மாஸ்டர் மைக்கைக் கையில் வாங்கி, “தோத்ததுக்கு நான்தான் பொறுப்பு, பிள்ளேளை ஒண்ணும் சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்று செய்தது தப்பு என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களின் பிள்ளைகளும் அதே சாக்கிலிருந்துதான் பூட்ஸ் எடுக்கிறார்கள்.

சரி, கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளராக இருந்த இவான் வுகோமனோவிச்சுக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் கரையில் அந்த அணியின் ரசிகர்களுக்குப் பஞ்சமில்லை, அவர்கள் ஆசான் என்று சொன்னால் இவரைத்தான். 2020-21இல் பத்தாவது இடத்தில் முடித்த அணியை அடுத்த சீசனிலேயே ஃபைனலுக்குக் கொண்டுபோனார். பெனால்டியில் ஹைதராபாத்திடம் தோற்றார்கள். இருந்த மூன்று சீசனிலும் அணி பிளே ஆஃபுக்குள் போனது. இதெல்லாம் மறுக்க முடியாத சாதனை.

ஆனால் அவர்மேலுள்ள பக்தி உச்சத்துக்குப் போனது 2023 மார்ச் 3 அன்று. பெங்களூருவில் நாக் அவுட் ஆட்டம், கூடுதல் நேரம், 96ஆவது நிமிடம். பிளாஸ்டர்ஸ் தடுப்புச் சுவர் நிற்பதற்கு முன்பே சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார். ரெஃபரி கோல் கொடுத்தார். இவான் தன் அணியைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியேறிவிட்டார். கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடையும் 5 லட்சம் அபராதமும். தடை முடிந்து அக்டோபரில் திரும்பியபோது கொச்சி ஸ்டேடியம் அவரைக் கொண்டாடித் தீர்த்தது. அநியாயத்துக்கு எதிராக விலை கொடுத்தவர், நீ சொல்கிற இலக்கணத்துக்கு இவரைவிடப் பொருத்தமானவர் யார் என்று என்னிடம் கேட்கிறார்கள்.

எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அந்த நேரத்தில் 24 நிமிடம் பாக்கி இருந்தது. ஒரு கோல்தான் வித்தியாசம். சீசன் முழுக்க ஓடிய பதினோரு பேரின் கையிலிருந்து அந்த 24 நிமிடத்தையும் அவர் எடுத்துவிட்டார். வெங்கரும் பியெல்சாவும் தங்களுக்குக் கிடைத்த ஆதாயத்தை விட்டுக்கொடுத்தார்கள். இவான் விட்டுக்கொடுத்தது ஆட்டக்காரர்களின் வாய்ப்பை. அவர் பிற்பாடு மன்னிப்புக் கேட்டதும் உண்மை. அதற்கு மதிப்பு உண்டு. இதைச் சொன்னால் டீக்கடையில் எனக்கு டீ கிடைக்காது என்பதும் தெரியும்.

மரியாதைக்கு இன்னொரு தேவை கால அவகாசம். நம் ஊர்ப் பயிற்சியாளர்களுக்கு அதுதான் கிடைப்பதில்லை. 2016-17இல் காலித் ஜமீல், கீழே இறக்கப்பட்டு, கோவா கிளப்புகள் விலகியதால் திரும்பச் சேர்க்கப்பட்ட ஐசால் அணியை ஐ லீக் சாம்பியனாக்கினார். இங்கிலாந்தில் லெஸ்டரை வைத்து கிளாடியோ ரனியேரி பிரீமியர் லீக் வென்று அதிசயம் செய்த மறு வருடம் அது. பட்டம் வென்ற ஒன்பது மாதத்தில் ரனியேரியை லெஸ்டர் வேலையை விட்டு அனுப்பியது. அடுத்த பிரஸ் மீட்டுக்கு மொரீன்யோ தன் சட்டையில் ரனியேரியின் பெயரெழுத்துகளைப் பொறித்துக்கொண்டு வந்தார். மொரீன்யோ கணக்கில் நான் கூட்டிக்கொள்ளும் நாள் அது. காலித் ஜமீலுக்கு அப்படிச் சட்டை போட யாரும் இல்லை. ஐஎஸ்எல்லில் ஒரு இந்தியரை நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக்க 2021 வரை ஆனது. நார்த்ஈஸ்ட் யுனைடெட் அவரைத்தான் நியமித்தது. 2025 ஆகஸ்டில் அவரே இந்திய அணியின் பயிற்சியாளரானார்.

பிளாஸ்டர்ஸ் கதை இதற்கு நேர் எதிர். 2024 ஏப்ரலில் இவான் போனார். வந்த மிக்கேல் ஸ்டாரே டிசம்பரில் நீக்கப்பட்டார். இடைக்காலத்துக்கு டி. ஜி. புருஷோத்தமனை நிறுத்தினார்கள். 2025 மார்ச்சில் டேவிட் கட்டாலாவைக் கொண்டுவந்தார்கள். ஒரு வருடத்துக்குள் நான்கு பேர் நின்ற அந்த எல்லைக்கோட்டில் யாருக்காவது மரியாதை சம்பாதிக்க நேரம் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஃபெர்குசனுக்கு முதல் கோப்பைக்கு மூன்றரை வருடம் கொடுத்தார்கள். கொச்சியில் அந்த அவகாசத்தைக் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய கூட்டம், அடுத்த கோச் யார் என்று ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிடுகிறது. எங்கள் டீக்கடையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான்.